சுருக்க விசாரணை

காலை ஏழு மணிக்கு வரி வசூலிக்கும் துரை.
எட்டு மணிக்கு அதே நாற்காலியில் மாஜிஸ்திரேட்.
நடுவில் ஒரு கோப்பைத் தேநீர்,
தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டும் ஓசை.
போலீசும் அவரே. சிறைச்சாவி அவர் இடுப்பில்.
மேல்முறையீடு என்று யாராவது முனகினால்
சோம்பாவுக்குப் போகும் தபால்பையின் வாயையும்
அவர்தான் கட்ட வேண்டும்.

நான் லாம்சன் கடெவேரே. மொழிபெயர்ப்பாளன்.
மாதம் பன்னிரண்டு ஷில்லிங், காக்கிச் சட்டை ஒன்று,
மிஷன் பள்ளி கொடுத்த இங்கிலீஷ்.
அன்று பதினான்கு வழக்குகள்.
வடக்கே கறுத்திருந்தது வானம்.
மழைக்கு முன் முடித்தாக வேண்டும் என்றார்.
"சுருக்கமாகச் சொல்" என்பார் எப்போதும்;
சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறதாம் அந்தச் சொல்.

ஒன்பதாவதாக வந்து நின்றாள் நசிபெக்கோ.
புருஷன் தெற்கே சுரங்கத்துக்குப் போய்
மூன்று மழைக்காலம் ஆகிறது.
குற்றம்: குடிசை இரண்டு, வரி கட்டியது ஒன்றுக்கு.
கணக்கெடுக்கப் போனவன் இரண்டாவதாக எண்ணியது
நாலு கால் முளைத்த கூடை மாதிரி முற்றத்தில் நிற்கும்
அவளுடைய மக்காச்சோளக் குதிரை.

"அதில் யாராவது தூங்குவதுண்டா, கேள்."
கேட்டேன்.

அவள் பேசினாள். அவசரமே இல்லாமல்,
மாவு இடிக்க உட்கார்ந்தவள் மாதிரி.
நாய்மூஞ்சிக் குரங்குகள் மலையிறங்கி வந்தது,
குதிரின் கூரையைப் பிய்த்தது,
விரட்ட ஆளில்லாமல் தானே ஏறி
கதிர்களின் மேல் படுத்துக் காவல் காத்தது,
முதுகில் பதிந்த மணிகளின் தடத்தை
காய்ச்சலில் கிடந்த மகன் மறுநாள்
விரலால் தொட்டுத் தொட்டு எண்ணியது,
முப்பத்தொன்றுவரை எண்ணிச் சிரித்தது,
அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவன்

துரை பேனாவால் மேசையைத் தட்டினார்.

சுருக்கினேன்.
இழுத்தால் சுருக்கு விழும் என்று தெரியும்;
யார் கழுத்தில் என்று யோசிக்கவில்லை.
"தூங்கியிருக்கிறாளாம், ஐயா."
பொய்யில்லை.
அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை.

'குற்றத்தை ஒப்புக்கொண்டாள்' என்று எழுதி முடித்திருந்தார்
நான் வாயை மூடுவதற்குள்.
ஆறு ஷில்லிங், இல்லையேல் ஒரு மாதம் சாலை வேலை.
வழக்குக்கு நாலு நிமிஷம். இதற்கு ஐந்து ஆகிவிட்டது,
அந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது.

தீர்ப்பை அவள் மொழியில் சொன்னேன்.
அவள் துரையைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்துச் சொன்னாள்:
"ஆற்றங்கரை அத்திமரத்தடியிலும் தூங்கியிருக்கிறேன்.
என் அம்மாவின் மடியிலும் தூங்கியிருக்கிறேன்.
அதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளச் சொல்."

"என்ன சொல்கிறாள்?"

"ஒன்றுமில்லை, ஐயா."

அவள் உடைத்த கல்லின் மேல்தான்
துரையின் மோட்டார்சைக்கிள் முதல்முதலாகப் போமாவுக்கு வந்தது.
மாதம் முடிந்து அவள் வீடு திரும்பியபோது
குதிரில் எலிகள் குடும்பத்தோடு இருந்தன.
சோளம் இல்லை.
இனி அதில் யார் வேண்டுமானாலும் காலை நீட்டித் தூங்கலாம்.
இப்போதுதான் அது குடிசை.

அதற்குப் பிறகு ஐந்து துரைகள் வந்து போனார்கள்.
என் சுருக்கத்தைப் புகழ்ந்து
ஒருவர் கைக்கடிகாரம் கொடுத்தார்; இன்னும் ஓடுகிறது.

சில இரவுகளில் அவள் சொன்னதை
இங்கிலீஷில் சொல்லிப் பார்க்கிறேன்.
அத்திமரம் சரியாக வருகிறது. மடிதான் இடறுகிறது.
எப்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாலும்
கடிகாரத்தில் அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்றைக்கு மழை
நாலு மணிக்குத்தான் வந்தது.