பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது

அம்பகாமம். காலை ஆறரை.
முகக்கவசக் கண்ணாடியில் என் மூச்சே பனி.
கருவி கத்துகிறது.
ஆணிக்கும் அது இப்படித்தான் கத்தும்,
மீன் ரின்னுக்கும்,
கால் கேட்கிற மற்றதுக்கும்.
முழங்காலில் இருந்து, பக்கவாட்டில்,
விரற்கடை விரற்கடையாக மண்ணை வறுகுகிறேன்.

பதினொரு சென்ரிமீற்றரில்
சுண்டுவிரல் நகத்தளவு ஒரு செப்பு.
போத்தல் தண்ணீரைச் சரித்துத் தேய்த்தால்
இரண்டு பேர்.
ஈட்டி ஊன்றி, கேடயம் சாய்த்து,
நடுவில் ஒரே ஒரு கொடிக்கம்பம்.

"பழைய சதமோ?" என்கிறார் சுகிர்தமலர் அக்கா.

உயர்தரத்துக்கு நான் எடுத்தது
கிரேக்க உரோம நாகரிகம்.
பட்டமும் முடித்தேன்.
உரோமாபுரியில் வேலை காலி இல்லை.

லீஜியன் என்றால் முதலில்
பொறுக்கி எடுத்தது என்றுதான் அர்த்தம்.
வயலுள்ளவனைப் பொறுக்கினார்கள்,
விதைப்புக்கும் அறுப்புக்கும் இடையில் சண்டை.
பிறகு சண்டை தூரமாயிற்று,
வயல் பற்றையாயிற்று,
வயலில்லாதவனையும் பொறுக்கினார்கள்.
வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டார்களா?
புத்தகத்தில் இல்லை.
கேட்டிருப்பார்கள்.

மண்வெட்டி, முளைக்கட்டை, சட்டி, தானியம்
எல்லாம் அவனவன் முதுகில்.
கோவேறு கழுதைகள் என்று பகிடி பண்ணினார்களாம்.
நடந்து களைத்த ஒவ்வொரு மாலையும்
அகழி வெட்டி, மண்ணணை போட்டு, அதற்குள் தூங்கி,
விடிய எழும்பி
பகைவனுக்கு உதவாதபடி எரித்துவிட்டுப் போவார்கள்.

இந்த வரியில் நான் எப்போதும் நின்றுவிடுவேன்.
எதையும் விட்டுவைக்காமல் போவார்கள்.
எங்களுடையவர்கள்
(எந்த எங்களுடையவர்கள் என்று கேட்காதீர்கள்)
விட்டுவிட்டுப் போனார்கள்.
அணை கிடக்கிறது, அதன்மேல் பாலைமரம் முளைத்து.
அணைக்கு முன்னால் மூன்று வரிசை கிடக்கிறது.
அதுதான் என் சம்பளம்.

ஓடிய படைக்குத் தண்டனை
பத்துக்கு ஒருவன், சீட்டுக் குலுக்கி.
அடித்துக் கொல்வது மற்ற ஒன்பது பேர்.
அந்த ஒன்பது பேருக்கும் அதற்குப்பின்
கோதுமை இல்லை, பார்லிதான் என்று எழுதியிருக்கிறது.
எப்படிச் சாப்பிட்டார்கள் என்று எழுதவில்லை.

வடக்கே ஒரு காட்டில், மழையில், சேற்றில்
மூன்று லீஜியன் திரும்பவில்லை.
பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது.
அந்த இலக்கங்களைப் பிறகு எந்தப் படைக்கும் வைக்கவில்லை.
என் படைகளைத் திருப்பித் தா என்று
பேரரசன் கதவில் தலையை மோதினானாம்.
பரீட்சைக்கு இது வரும். ஐந்து புள்ளி.

கிளிநொச்சியில் பஸ் மெதுவாகிற இடத்தில்
ஒரு தறப்பாள் கொட்டில்.
பரிமளகாந்தி என்கிற அம்மா
லமினேற் செய்த படத்தை மடியில் வைத்திருக்கிறார்.
அவர் கதவில் மோதவில்லை, அங்கே கதவு இல்லை.
இலக்கத்தையும் சொல்வதில்லை.
பெயரைத்தான் சொல்கிறார்,
வீட்டில் கூப்பிடுகிற பெயரை.

இந்தக் காசு முதலில் இன்னும் பெரிதாக இருந்தது.
நடுவில் இரண்டு கொடிகள் நின்றன.
செப்புக்கும் பஞ்சம் வர, காசு சுருங்கி
ஒரு கொடியை எடுத்துவிட்டார்கள்.
லீஜியனும் அப்படித்தான்,
ஐயாயிரம் பேர் ஆயிரமாகியிருந்தார்கள்.
விளிம்பில் மட்டும் வாசகம் சுருங்கவில்லை.
படையின் புகழ்.
அதில் பாதியை வன்னி மண் தின்றுவிட்டது.

மாந்தைத் துறையில் இறங்கியிருக்கும்,
மிளகுக்கோ முத்துக்கோ கைமாறி,
யாரோ ஒருத்தியின் முந்தானை முடிச்சில் இருந்து
இங்கே அவிழ்ந்து விழுந்திருக்கும்.
அவள் தேடியிருப்பாள், கொஞ்சநேரம்.

அக்கா படிவத்தை நிரப்புகிறார்.
ஆழம்: பதினொன்று.
வகை: ஆபத்தற்ற உலோகம்.
"ஒழுங்கை இலக்கம் என்ன பிள்ளை?"

பத்தொன்பது, அக்கா.

இருபதுக்குச் சிவப்புக் குச்சி நட்டாயிற்று.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிகிறேன்.