பதினான்காவது புள்ளி

கப்பலூர் தாண்டி நாலுவழிச் சாலை
லேசாக இடப்பக்கம் வளையும் இடத்தில்
பதினான்கு வீடுகள்.
என் மடிக்கணினியில் பதினான்கு புள்ளிகள்.
சிவப்பு என்றால் தூக்கம் இல்லை,
பச்சை என்றால் கொஞ்சம் உண்டு.

சுவரை அரையரை மீட்டராக ஏற்றிப் பார்க்கிறது நிரல்.
மூன்று மீட்டரில் ஏழு வீடு தேறவில்லை.
நாலு மீட்டரில் எல்லாரும் தேறினார்கள்,
பணம் தேறவில்லை.
நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள்
நாற்பது சுவர் கட்டி, நாற்பதையும் இடித்துவிட்டு
மூன்றரையில் வந்து நின்றது.
நீளம் இருநூற்றுப் பத்து,
செலவு நாற்பத்து நாலு லட்சத்துப் பத்தாயிரம்.
வீட்டுக்கு மூன்றேகால் லட்சம் வரை தாளும் என்பது விதி.
பதினான்கால் வகுத்தால் தாளும்.
பதிமூன்றால் வகுத்தால் சுவரே கிடையாது.

பதினான்காவது புள்ளி ஒச்சுக்காளை.
குவாரி வெடியில் இரண்டு காதும் போனவர்.

ஒலிமானியை முக்காலியில் ஏற்றிய அன்று
பக்கத்தில் வந்து குந்தினார்.
சிமென்ட் லாரி போனது: எண்பத்தொன்று.
அரசு பஸ்: எழுபத்தாறு.
எண் ஏற ஏற அவருக்குச் சிரிப்பு ஏறியது.
பிறகு திரையை ஒரு கையால் பொத்திக்கொண்டு
தூரத்தில் வரும் கன்டெய்னரைப் பார்த்தார்.
மற்றக் கையை எனக்கு நேரே நீட்டி
எட்டு என்று விரல் மடக்கினார், அப்புறம் நாலு.
அது கடந்த கணத்தில் பொத்திய கையை எடுத்தார்.
எண்பத்து நாலு.

பகல் முழுக்க வாசலில் நாற்காலி போட்டு
லாரி பார்க்கிறார்.
வெங்காயம் வடக்கிருந்து, உப்பு தெற்கிருந்து.

நிரலில் காதுக்கு ஒரு கட்டம் இல்லை.
நானும் கேட்டு வாங்கப் போகவில்லை.
அடுத்த வீட்டு லூர்துமேரி ராத்திரி ஷிப்ட் முடித்து
பகலில் படுக்கிறவள்.
அவள் தூக்கத்துக்கும் இவர் காதைத்தான்
கணக்கில் காட்டியிருக்கிறேன்.

விதிக்கும் செலவுக்கும் நடுவே
ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மிச்சம்.
சிமென்டுக்குப் பதில் கண்ணாடிப் பலகை என்றால்
சதுர மீட்டருக்கு நாலாயிரம் கூட.
பத்து மீட்டருக்குக் காணும்.
அந்த நாற்காலிக்கு நேரே வைத்தேன்.
புள்ளி பச்சையாகவே இருந்தது,
நிரல் ஏன் என்று கேட்கவில்லை.

கேட்டது உதவிக் கோட்டப் பொறியாளர்.
வெளிச்சத்துக்கு சார், என்றேன்.
"ஒரே மாசத்துல பொகை படிஞ்சு கருத்துரும்மா.
யாரு தொடைக்கிறது?"

ஆள் இருக்கிறது, சொல்லவில்லை.
விடிந்ததும் ஈரத்துணியோடு வந்து நிற்பார்,
அழுத்தி அழுத்தித் தேய்ப்பார்.

அழுக்கு
அந்தப் பக்கம்.