பதினேழு மீட்டர்

ஒயிட்ஃபீல்டில் ஐந்தாம் மாடி.
ஏசிக்குப் பயந்து துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு
தொர்ரெலூவாவின் எல்லையை வரைகிறேன்.
ஸ்பெயினில் இருக்கிறது.
அல்சூரைவிட ஒரு பனை உயரம் கூடுதல்.
மக்கள்தொகை நாற்பத்தொன்று.

நாற்பத்தொரு பேருக்கு ஒரு மேயர்,
ஒரு கொடி, ஒரு ரப்பர் முத்திரை,
செவ்வாய்க்கிழமை மட்டும் வந்துபோகும் செயலர்.
மற்ற கிழமைகளில் அவர் மற்ற ஊர்களுக்குச் செயலர்.
வியாழனன்று பஸ் உண்டு,
முந்தின நாளே போன் செய்து சொன்னால்.
எங்கள் காம்பவுண்டில் மட்டும் ஐம்பத்து மூன்று பேர்.
ஒரு குழாய்.

ஷிப்டுக்கு நூற்றிருபது பாலிகன் கணக்கு.
கோதுமை. கோதுமை. தரிசு. கோதுமை.
கல்லறைத்தோட்டம். கோதுமை.
மேலிருந்து பார்த்தால் எந்த ஊரும்
இஸ்திரி போடாத சட்டைதான்.

கிழக்கே திரை சிவந்தது.
தொர்ரெலூவா முடிகிற கோட்டுக்கும்
பக்கத்து ஊர் தொடங்குகிற கோட்டுக்கும் நடுவே
பதினேழு மீட்டர்.
இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு
எந்த ஊரிலும் சேராத மண்.

"இழுத்து ஒட்டிடு, அமுதவல்லி," என்றார் பொன்னப்பா.
"அங்க யார் வந்து அளக்கப் போறா?"

ஒரே சொடுக்கு.
ஆனால் பெரிதாக்கினால் உள்ளே
பதினொரு வெள்ளைப் புள்ளிகள், வரிசையாக.
தேன்பெட்டிகள்.
தேனீக்களுக்கு எந்த மேயர் என்று எழுதிக் கேட்டேன்,
மரியாதையான ஆங்கிலத்தில்.

மூன்று செவ்வாய் கழித்துப் பதில்:
"நடுவில் ஓடை இருந்தது.
நாங்கள் எங்கள் கரைவரை எழுதிக்கொண்டோம்.
அவர்கள் தங்கள் கரைவரை.
ஓடையை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.
இப்போது தண்ணீரும் இல்லை.
பெட்டிகள் கவுன்சிலரம்மா எர்மீனியாவுடையவை.
வருடத்துக்கொருமுறை இரண்டு ஊரும் கூடி நடந்து பார்ப்போம்.
தீர்மானம் ஆவதில்லை. சாப்பாடு நன்றாக இருக்கும்."

சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
பொன்னப்பா திரும்பிப் பார்த்தார்.

அன்றிரவு மாரத்தஹள்ளிப் பாலத்தடியில்
பஸ் நகராமல் நின்ற நேரத்தில்
உட்கார்ந்திருந்தவர்களை எண்ணினேன்.
ஒரு தொர்ரெலூவாவுக்கு இரண்டு பேர்தான் குறைச்சல்.
டிரைவர் மேயர். கண்டக்டர் செயலர்.
நின்றுகொண்டிருந்த நாங்கள் எந்த ஊரோ.

எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு ராஜகால்வாய்.
வார்டு எண் மூன்று முறை மாறியதில்
அது எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போயிற்று.
காலை ஆறே முக்காலுக்குக் குப்பை ஆட்டோ
எங்கள் கரையோடு நின்றுவிடும்.
"ஆ கடே பேரே வார்டு, மேடம்."
அந்தக் கரையிலிருந்து பிலோமினா
மூட்டையை இறுக்கிக் கட்டி வீசுவாள்.
நான் பிடிப்பேன்.
ஒருநாள் பிடி தவறி
முருங்கைச் சக்கையும் டீத்தூளும் கால்வாயில் விழுந்தன.
பிலோமினா அக்கரையில், நான் இக்கரையில்,
குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம்,
யாரோ எங்களை அளப்பதுபோல.

ஒட்டவில்லை.
பதினேழு மீட்டரைத் தனியாக வரைந்தேன்.
நிர்வாகம் என்கிற கட்டத்தைக் காலியாக விட முடியாது.
'ஓடை' என்று அடித்தேன்.
தரச்சோதனை திருப்பி அனுப்பியது.
மறுபடியும் அடித்தேன்.
அந்த மாதம் இன்சென்டிவ் இல்லை.

மார்ச்சில், ஒரு செவ்வாய்,
செயலரிடமிருந்து ஒரே வரி:
"நாற்பது. திருத்தவும்."

திருத்தினேன்.
கல்லறைத்தோட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
பிறகு அந்தப் பதினொரு புள்ளிகளையும் எண்ணினேன்.
எல்லாம் இருந்தன.

படம் போன வருடத்தது.