மூணாவது மாடி, ஏழாவது தூண்

செக்காலை ரோட்டில் தீ அணைந்து
இரண்டு நாள் ஆகிறது.
சுவர் இன்னும் சுடுகிறது,
இறக்கி வைத்த இரும்புச் சட்டி மாதிரி.

ஆடித் தள்ளுபடிக்கு வந்திறங்கிய பாலியெஸ்டர் எல்லாம்
தரையோடு தரையாகக் கறுப்புப் பாகாய் உறைந்திருக்கிறது.
துணிக்கடைப் பொம்மை ஒன்று
கழுத்து வளைந்து தன் முழங்காலையே பார்க்கிறது.

"நிக்குதுல்லம்மா?" என்கிறார் அடைக்கப்பன்.
"வெள்ளையடிச்சுத் தீவாளிக்குத் திறந்துரலாம்ல?"

நிற்கிறது.
நிற்பது வேறு, தாங்குவது வேறு.

சுத்தியலோடு படியேறுகிறேன்.
முதல் மாடித் தூண்கள் கிண்ணென்கின்றன.
இரண்டாவதும் பரவாயில்லை.
மூணாவது மாடியில் ஏழாவது தூண்
பொத்தென்று கேட்டது, அழுகின தேங்காய்.

தோலைச் சுரண்டினேன்.
உள்ளே ரோஜா நிறம்.
"நல்லாருக்கே இந்தக் கலரு" என்றார்
மூச்சு வாங்க மேலேறி வந்தவர்.

சாம்பல் நிறம் சிவந்தால்
முந்நூறு டிகிரி தாண்டியாயிற்று என்று அர்த்தம், அண்ணே.
வெளுத்துப்போன மூலையைத் தொடுங்கள்,
விபூதியாய்க் கையோடு வரும்.
ஒன்றரை அங்குலம் மூடியிருக்க வேண்டிய கம்பி
என் சுண்டுவிரல் நகத்துக்கு அடியில் கிடக்கிறது.
அறுநூறில் அது பாதி பலத்தை விட்டுவிடும்.
உருகாது. சோர்ந்துபோகும், அவ்வளவுதான்.
மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரியாது.

மேலே மூன்று மாடி, ஒரு தண்ணீர்த் தொட்டி.
நான் வரைந்து கொடுத்தது நாலு மாடிக்கு.
ஐந்தாவதும் ஆறாவதும் முளைத்ததை
பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன்.
ஜன்னல் ஓரம்தான் எனக்குப் பிடித்த இடம்.

பின்சந்தில் பழைய வீடு ஒன்றும் அன்றைக்கே பற்றியது.
அங்கே பர்மாத் தேக்கு இரண்டு விரற்கடை கரிந்து
அந்தக் கரியையே போர்த்திக்கொண்டு நின்றுவிட்டது.
போன வருஷம் கொடுத்த இரும்பு உத்தரம்
ஈரத் துண்டாகத் தொங்குகிறது.
தேக்குக்குப் பெருமை சொல்லவில்லை.
எரிந்தது தாங்கியது, எரியாதது வளைந்தது,
குறிப்பேட்டில் அவ்வளவுதான் எழுதினேன்.

சொல்ல வேண்டியது இன்னொன்று இருந்தது.
சூட்டில் உத்தரம் நீண்டு தூணைத் தள்ளியிருக்கிறது.
இப்போது ஆறுகிறது.
ஆறும்போது குறுகும்.
தள்ளிய கையே இழுக்கும்.
சில கட்டடங்கள் தீயில் விழுவதில்லை.
தீயணைப்பு வண்டி குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்,
கூட்டம் கலைந்து,
எதிர்க் கடையில் டீ ஆற்றும் சத்தம் மட்டும் கேட்கிறபோது
யோசித்து விழும்.

அடைக்கப்பன் ஒரு கவரை நீட்டினார்.
தடிமன் பார்த்தேன்.
கம்பியை மூடப் போதும்போல இருந்தது.
வாங்கவில்லை; வாங்காததைப் பற்றி
எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.
சாக்கட்டியால் தூணில் 7 என்று எழுதி
சுற்றிலும் ஒரு வட்டம் போட்டேன்.

இறங்கி வரும்போது மேலே எங்கோ
டக்.

"ராத்திரியெல்லாம் இப்படித்தாம்மா.
தூக்கத்துல புரளுது" என்றார் காவல்கார சவரிமுத்து.
அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி
சரியாக ஏழாவது தூணின் நேர்க் கீழே.

அறிக்கையை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன்.
"அய்யோ, நான் தூக்கறேன், நான் தூக்கறேன்" என்று
அவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

அதற்குத்தான்.