கரடிக்குத் துணி

கோத்தகிரி மார்க்கெட்டில்
முனாஃப் கடை மேசைமேல்
மூன்று கறுப்பு விரிந்து கிடக்கிறது.

வெல்வெட்டைத்தான் முதலில் ஒதுக்கினேன்.
கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன், அதனால்.
இந்தக் கரடியைப் பார்த்தால்
ஒரு பிள்ளைக்கும்
கட்டிக்கொள்ளத் தோன்றக் கூடாது.

"கைப்பொம்மைதானே டீச்சர்,
இதைவிட மெத்துன்னு எங்க கிடைக்கும்?"

போன மாதம் பதினேழாம் நம்பர் காட்டில்
கொழுந்து பறித்துக்கொண்டிருந்த
தங்கேஸ்வரியின் தோளில்
கோடு இழுத்துவிட்டுப் போனது
மெத்தென்ற கை இல்லை.
பதினெட்டுத் தையல்.

பிள்ளைக்காப்பகத்தில் பதினொரு பேர்.
ஏழு பேர் ஜார்கண்டு.
"கிட்டப் போகாதே" என்று நான் சொன்னால்
அவர்களுக்கு அது வெறும் சத்தம்.
துணிதான் சொல்ல வேண்டும்.

அடுத்தது நைலான்.
விரலில் நிற்காமல் வழுக்கும்,
கரடி பாதி வசனத்தில் தலை கவிழும்,
பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள்.

குடைத்துணி பரவாயில்லை.
ஆடி மழையில் பனியன் காயவே
மூன்று நாள் ஆகிற லயத்தில்
பூசணம் பிடிக்காது.
வாயில் வைத்தாலும் சாயம் போகாது.
(வைப்பார்கள்.)
ஆனால் அதில் தைத்த கரடி
நனைந்துபோன கிளார்க் மாதிரி இருக்கும்.

கிழங்கு மண்டியில் ஒரு காலிச் சாக்கு,
பத்து ரூபாய்.
"எதுக்கும்மா?"
"கரடிக்கு."
"அதுக்குத்தான் தோல் இருக்கே" என்றார்
மூட்டை தூக்குகிறவர்.

முனாஃபிடமே திரும்பிப் போய்
கறுப்புச் சாயம் ஒரு பொட்டலம்.
மூஞ்சிக்குப் பழைய பனியன், வெளுக்காத பக்கம்.
நகத்துக்கு உடைந்த சீப்பின் பல்,
கூர் போகச் சிமெண்டுத் தரையில் தேய்த்தது.
சாக்கு என் கையைக் கடித்ததால்
உள்ளே மட்டும் ரோஸ் ஃபிளானல், கால் மீட்டர்.
அது கரடிக்குத் தெரியாது.

புதன்கிழமை மதியம்
பெஞ்சுக்குப் பின்னாலிருந்து
மெதுவாகத் தலையைத் தூக்கியது.
பத்துப் பேர் அலறிக்கொண்டு ஓடினார்கள்.
ஓடக் கூடாது என்பதுதான் பாடம்.

சோம்வாரி நின்றாள்.
மூன்று வயது, மூக்கு ஒழுகியபடி.
"பானா" என்றாள்.
காலையில் சொல்லிக்கொடுத்த எழுத்தை
இப்போது எதற்குச் சொல்கிறாள்?

"பானா."
கண்ணை எடுக்காமல்
முதுகைக் காட்டாமல்
ஒரு அடி பின்னால் வைத்தாள்.
இன்னொரு அடி.
வாசல்வரைக்கும் அப்படியே போனாள்.

சாயங்காலம் கூட்டிப்போக வந்த அவள் அம்மா
பெஞ்சைப் பார்த்துச் சிரித்தாள்.
அவர்கள் பேச்சில் கரடிக்கு அதுதான் பெயராம்.
ஊரில் வீட்டுக்குப் பின்னாலேயே
இலுப்பைப் பூ தின்ன வருமாம்.
தோளிலிருந்து சேலையை விலக்கி
எதையோ காட்ட வந்தவள்
பிள்ளையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

சோம்வாரி இரண்டு விரலால்
சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுக்
கையை இழுத்துக்கொண்டாள்.

உள்ளே இருக்கிற ஃபிளானலை
நான் காட்டவில்லை.
மழை முடியட்டும்.