பன்னிரண்டாவது

ஷிலினாவில் ஒரு பள்ளிக்கூட ஜிம்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
மடக்கு மேசை, பச்சைத் துணி.
ரஸ்திஸ்லாவ் என்று சட்டையில் அட்டை குத்திய வியாபாரி
கண்ணில் இடுக்கிய லென்ஸை எடுக்காமலே
விலை சொல்கிறான்:
எண்ணூற்று நாற்பது யூரோ.

எழுபத்தேழாம் வருஷத்து ஒரு கொருனா.
மண்டியிட்டு நாற்று நடுகிற பெண்
அதில் பாதிதான் இருக்கிறாள்.
முதுகு இருக்கிறது, பாதம் இருக்கிறது.
கையும் நாற்றும் விழுந்திருக்க வேண்டிய இடத்தில்
வெறும் மஞ்சள் பிறை.

"நாற்பது சதவீதம் விலகிய அச்சு.
திருப்பினால் வருஷம் முழுசாகத் தெரியும், அதற்குத்தான் காசு.
சந்தையில் புழங்கவே இல்லை.
ஆனால் எந்த மடையனோ சோடா மாவு போட்டுத் தேய்த்திருக்கிறான்,
விளக்கில் சாய்த்துப் பாருங்கள், மயிரிழைக் கோடுகள்.
அது மட்டும் இல்லையென்றால் ஆயிரத்து இருநூறு."
பிறகு சிரித்துக்கொண்டே,
"அன்றைக்கு ஆலையில் எவனோ நன்றாகக் குடித்திருப்பான்."

எவனோ இல்லை.
குடிக்கவும் இல்லை.

கிரெம்னிட்சா, பிப்ரவரி, மூன்றாம் ஷிப்ட்.
கிராம்பு எண்ணெயில் நனைத்த பஞ்சை
கடைவாயில் வைத்துக் கடித்தபடி நின்றிருந்தேன்.
வில்லை சரியாக உட்காரவில்லை என்பது
இயந்திரத்தின் குரல் மாறியதில்தான் தெரிந்தது,
கொஞ்சம் தாமதமாக.
கை விசையை எட்டுவதற்குள்
பன்னிரண்டு அடி.
காதால் எண்ணினேன்.

போர்மேன் க்வேதோஸ்லாவ்
முழங்கைவரை பெட்டிக்குள் விட்டுத் துழாவி
பதினொன்றை எடுத்து மேசையில் வைத்தார்.
பதினொன்று என்று எழுதினார்.
ட்ரஹொமீரா, ஒரு நாள் கூலி பிடித்தம்.
அதற்கு நேரே கையெழுத்துப் போட்டேன்.
இன்னொன்று இருக்கிறது என்று சொல்லவில்லை.
சொன்னால் தரையில் கொட்டி
விடியும்வரை தேட வேண்டும்.
எனக்குப் பல் வலித்தது,
அவ்வளவுதான் காரணம்.

பார்க்கலாமா என்று கை நீட்டினேன்.
"ஓரத்தில் பிடியுங்கள் அம்மா,
முகத்தைத் தொட்டால் ரேகை படியும், போகவே போகாது."
வெள்ளைக் கையுறை கொடுத்தான்.
நாங்கள் இதை மண்வெட்டியால் அள்ளினோம் என்று
சொல்ல வாயெடுத்து
கையுறையை மாட்டிக்கொண்டேன்.

நாலு கிராம்.
கனம் மறக்கவில்லை.
அந்தப் பெண்ணின் முதுகு
இன்னும் வளைந்தேதான் இருக்கிறது,
எதை நடுகிறோம் என்று தெரியாமல்.

பக்கத்தில் நின்ற ப்ர்னோக்காரர்
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
"அசல்தானா? இப்போதெல்லாம் பட்டறையில் வைத்து
அடித்து விற்கிறார்கள்."
ரஸ்திஸ்லாவ் சான்றிதழை எடுக்கக் குனிந்தான்.

"அசல்தான்" என்றேன்.

"எப்படிச் சொல்கிறீர்கள்?"

நாக்கு தானாகக் கீழ்த்தாடையில்
அந்தப் பள்ளத்துக்குப் போயிற்று.

"வளையத்துக்கு வெளியே அடிபட்டது.
ஓரத்தைத் தடவிப் பாருங்கள்,
பல் இருக்காது."