மிதப்புக் கணக்கு

"ஆளுக்கு எத்தனை கிலோ?" என்றார் நைனா முகம்மது,
பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு.
ஜாம்பவானோடைப் படகுத்துறையில் ஏழு பேரும்
அவரவர் செருப்பைப் பார்த்தோம்.

தொண்ணூறைத் தாண்டிய பாலகுரு எழுபது என்றார்.
மரகதவல்லி ஐம்பத்தைந்து சொல்லிவிட்டுக்
கைப்பைக்குத் தனிக் கணக்கா என்று கேட்டாள்.
நான் கூட்டுறவு வங்கிக் காசாளர்,
எட்டணா குறைந்தாலும் இரவு தூங்காதவள்.
அறுபத்திரண்டு என்றேன்.
அது போன தைக்கு முந்தைய தை.

கரையோரம் ஆரஞ்சு நிறத்தில் மூன்று கயாக்.
இரண்டு இரட்டை, ஒன்று ஒற்றை,
மூடிப்போன ஏதோ விடுதியின் பெயர் பாதி உரிந்து.
விரலால் தள்ளினேன்,
தண்ணீருக்குத் தெரியாமல் நகர்ந்தது.
அப்பால் நீளமாய், ஒடுக்கமாய் ஒரு ஃபைபர் படகு.
கஜா அடித்த இரவில் தென்னந்தோப்புக்குள் போய்ச்
செருகி நின்றதாம். வயிற்றில் பச்சை ஒட்டு.

அந்தோணிராஜுக்கு அலுமினியப் படகின் மேல்தான் கண்.
ஏறி நின்று ஆட்டிப் பார்த்தான், ஆடவில்லை.
குதித்தான். அப்போதும் இல்லை.
"இதுலயே எல்லாரும் போயிடலாம்ணே, கட்டில் மாதிரி இருக்கு."
"கட்டில்தான்," என்றார் நைனா.
"மாசியில உள்ள தண்ணி முழங்கால்.
வத்தம் பிடிச்சா கணுக்கால்.
அது உக்காந்துடும், நீங்க இறங்கித் தள்ளுவீங்க,
சேறு உங்கள விடாது."

ஆடுவதும் நகர்வதும் பற்றி ஏதோ பழமொழிக்கு
வாய் திறந்தார் தமிழாசிரியர் உப்பிலி.
கொசு உள்ளே போனது.

அலையாத்திக்குள் இரண்டு இரவு.
குடிதண்ணீர் ஏழு கேன், கேனுக்கு இருபது கிலோ.
அரிசி, அடுப்பு, கொசுவலை,
பாலகுருவின் ரத்த அழுத்த மாத்திரை.
இன்னொன்றும் ஏற்ற வேண்டியிருந்தது, யாரும் சொல்லவில்லை:
பொங்கலுக்கு முன் ஜோடியாகப் பணம் கட்டிய
சிவக்கொழுந்தும் தையல்நாயகியும்
இப்போது தனித்தனிப் பேருந்தில் வந்திருந்தார்கள்.
ஒருவர் விலகுவார் என்று இருவரும் நினைத்து
இருவரும் விலகவில்லை.

நைனாவுக்கு அது தெரியாது.
அவரிடம் இருந்தது எண்கள் மட்டும்.
"முன்னால லேசு, பின்னால கொஞ்சம் கனம்.
நீங்க ஏறுங்கம்மா. சார், நீங்க பின்னால."
ஒட்டுப்போட்ட அந்த ஒடுக்கத்தில்
அவள் முதுகுக்குப் பின்னால் அவன் உட்கார்ந்தான்.
மரகதவல்லி என் கையைக் கிள்ளினாள்.

கோரையாற்றில் ஒரு சுற்று, ஒத்திகைக்கு.
பாலகுருவும் உப்பிலியும் பம்பரம்.
அந்தோணிராஜ் மரகதவல்லியைக் கோரைக்குள் ஓட்டிக்
கொக்குகளிடம் மன்னிப்புக் கேட்டான்.
அந்த ஃபைபர் மட்டும் நேராகப் போனது,
நூல் பிடித்த மாதிரி, பேச்சே இல்லாமல்.
அவள் இடப்பக்கம் வலித்தால் அவன் வலப்பக்கம்.
அவள் நிறுத்தினால் அவனும்.
பாலத்தடியில் திரும்பி அப்படியே வந்தது.

கரையில் இறங்கிச் சேலையைப் பிழிந்தபடி
தையல்நாயகி சொன்னாள்:
"நாளைக்கு வேற யாரையாவது பின்னால போடுங்க."
நைனா சீட்டை மேலிருந்து கீழாக ஒருமுறை,
கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார்.
"இந்த எடைக்கு வேற ஆள் இல்லையேம்மா."
சிவக்கொழுந்து துடுப்பிலிருந்த பாசியை
நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

ஒற்றைக் கயாக் எனக்கு விழுந்தது.
இரண்டு கேனை எனக்குப் பின்னால் கட்டினார்கள்.
ஏறி உட்கார்ந்தேன்.
பக்கத்தில் வரைந்திருந்த வெள்ளைக் கோட்டைத்
தண்ணீர் நிதானமாகத் தாண்டியது.

நைனா ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு கேனை அவிழ்த்து அலுமினியத்தில் வைத்தார்.
அதை எடுப்பதில்லை என்றுதான் முடிவாகியிருந்தது.
"இழுத்துக்கிட்டு வரட்டும், தண்ணிக்கு மட்டும்," என்றார்.
பிறகு பென்சிலை நாக்கில் தொட்டு
என் பெயருக்கு நேரே எதையோ அடித்து
எதையோ எழுதினார்.
சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

காலை ஐந்தரைக்கு ஏத்தம்.